ஆடம்பரத் தேர் நிற்கும் இடங்கள்

"டீச்சர், பசாசோட ஆடம்பரத்த விட்டுடறோம்னு சொல்லச் சொன்னீங்க. அப்ப மாதாவுக்கு மட்டும் ஏன் ஆடம்பரத் தேர்?"

டீனா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. விவேக் நகரில் அடைக்கல மாதா கெபி என்ற சின்னக் குகைக்கோயிலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஹெலன் டீச்சர் ஞானஸ்நான வாக்குறுதிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பசாசையும் அதன் செயல்களையும் அதன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்பார். விட்டுவிடுகிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில் பசை காயாத போஸ்டர் ஒட்டியிருந்தது. 'அன்னையின் ஆடம்பரத் தேர்ப்பவனி.' அந்த வாசகத்தை எழுதியவளும் ஹெலன்தான்.

வகுப்பே சிரித்தது. குழந்தை கேலிக்காகக் கேட்கவில்லை என்பது ஹெலனுக்குத் தெரிந்தது. பதில் தன்னிடம் இல்லை என்பதும் தெரிந்தது. அதுதான் கோபமாக வெளியே வந்தது.

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. வெளிய போய் நில்லு."

அதோடு விட்டிருக்கலாம். தேருக்கு முன்னால் பூத்தூவிப் போகும் பன்னிரண்டு சிறுமிகளுக்கு ஆளுக்கொரு பூத்தட்டு உண்டு. தட்டின் விளிம்பில் அவரவர் பெயரெழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். அன்று சாயங்காலம் ஹெலன் ஒரு தட்டிலிருந்து டீனாவின் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே வேறொரு பெயரை ஒட்டினாள்.

திருவிழாவன்று தேர் மூன்றாவது கிராஸ் என்ற குறுக்குத்தெருவின் முனையில் நின்றபோது டீனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தாள். பூத்தூவுவதற்காகவே அம்மா லூர்துமேரி தைத்த வெள்ளை ஃபிராக்கைப் போட்டிருந்தாள். பெயர் எடுக்கப்பட்ட விஷயத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. லூர்துமேரி பூத்தட்டு வரிசையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியாக ஹெலனைப் பார்த்தாள். மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

இது நடந்து இருபத்திரண்டு வருடம்.

ஹெலனுக்கு இப்போது அறுபத்தொன்று. மதியத்துக்கு மேல் விஜய்குமாரின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தமிழ் வேலைகளைப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் தமிழில் அச்சாகும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்வி அவளோடு மேசையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அடிக்கும்போது இது எந்தப் பக்கம் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கல்யாணம் விமரிசையாக நடக்கும். ஊர் கூடினால் கோலாகலம். சாப்பாடு என்றால் தடபுடல். கோயில்காரர்கள் வைபவம் கேட்பார்கள். பகட்டு, டாம்பீகம், படாடோபம் ஆகியவற்றை அச்சடிக்கச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் வந்ததில்லை. நம் வீட்டில் நடந்தால் விமரிசை, அடுத்த வீட்டில் நடந்தால் படாடோபம். ஆடம்பரம் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய்வந்தது. பேப்பரில் அது வீண்செலவுக்குப் பக்கத்தில் வரும். திருவிழா போஸ்டரில் தீர்த்தம் தெளித்த மாதிரி திருப்பலிக்குப் பக்கத்தில் வரும். ஏன் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வருடத் திருவிழா நோட்டீசுக்காக விழாக் கமிட்டித் தலைவர் டிரேவர் அச்சகத்துக்கே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"டீச்சர், தேர் புதுசு. பதினெட்டு அடி. ஃபுல் எல்இடி. டிராக்டர் வச்சு இழுக்கிறோம். இதுக்கும் அதே பழைய வார்த்தையா?"

"ஆடம்பரத்துக்கு மேல இன்னா இருக்கு டிரேவர்?"

"மாபெரும் போடுங்க. மாபெரும் ஆடம்பர."

மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து விஜய்குமார் தலையை நீட்டினான். "கன்னடத்துல அத்தூரின்னு போடுவாங்கண்ணா. அத்தூரி ஆடம்பரம்னு போட்டா ரெண்டு பாஷைக்கும் ஆச்சு."

"நீ சும்மா இரு விஜய். மாதா தேரா, சினிமா ரிலீசா?"

"பதினெட்டடி எல்இடின்னு நீங்கதானே சொன்னீங்க, நான் கன்ஃப்யூஸ் ஆயிட்டேன்."

டிரேவர் சிரித்துவிட்டு மறுபடி திரைக்குக் குனிந்தார். "வாணவேடிக்கைக்கு முன்னாடி 'கண்ணைக் கவரும்' சேருங்க. கொட்டை எழுத்துல. கமிட்டி பேரு சின்னதாயிடக் கூடாது."

மேலே சொற்கள் சேரச் சேரக் கீழே இடம் குறைந்தது. நோட்டீசின் அடியில் 'தேர் நிற்கும் இடங்கள்' என்று ஆறு வரி. கடைசி வரி தாளுக்கு வெளியே போய்விட்டது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்களுக்குப் படிக்க வராது. ஐந்து இடங்களுக்குப் பக்கத்தில் இன்னார் குடும்பத்தார் உபயம் என்று பெயர் இருந்தது. அவற்றில் கை வைத்தால் சண்டை வரும். மூன்றாவது கிராஸ் முனைக்கு மட்டும் உபயம் இல்லை. முப்பது வருடமாக நிற்கிற இடம், எழுதாவிட்டால் தேருக்குத் தெரியாதா என்ன என்று ஹெலன் நினைத்தாள். அந்த வரியை எடுத்தாள். எல்லாம் அழகாகப் பொருந்தியது. இரண்டாயிரம் பிரதிகள்.

புதன்கிழமை டீனா வந்தாள்.

முப்பது வயது. கழுத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி அட்டை தொங்கியது. கெபிப் பக்கம் அவள் வருவதை ஹெலன் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. தெருவில் எதிர்ப்பட்டால் நின்று பேசுவாள், சிரிப்பாள். அவ்வளவுதான்.

"நல்லா கீறீங்களா டீச்சர்? ஒரு ஹெல்ப். தேர் எங்க கிராஸ் முனைக்கு எத்தனை மணிக்கு வரும்?"

"ஏன்மா?"

"அம்மாவுக்கு ஜூன்ல ஸ்ட்ரோக் வந்துச்சில்ல. வலது பக்கம் வரல. பேச்சும் போயிடுச்சு. ஆனா காலண்டர்ல தேர் வர்ற எட்டாம் தேதிய இடது கையால தட்டிக்கினே இருக்காங்க. ஒரு வாரமா அதே வேலை. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அஞ்சு நிமிஷம் தேர் நிக்கும்னா கீழ்வீட்டுப் பசங்கள கூப்ட்டு சேரோட தூக்கி எறக்கிடுவேன்."

சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த நோட்டீசை எடுத்தாள். விரல் கடைசி ஐந்து வரிகளில் இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"எங்க கிராஸ் இல்லியே?"

"போலீஸ்ல ஸ்டாப்ப குறைக்கச் சொன்னாங்கம்மா" என்றாள் ஹெலன். யோசித்துச் சொன்னதில்லை. அதுவாக வந்துவிட்டது.

"ஓ. போலீஸ்னா இன்னா பண்றது." டீனா நோட்டீசை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "மாபெரும்னு வேற சேத்திருக்கீங்க. சூப்பர் டீச்சர்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஹெலனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு செபமாலை மணி எண்ணிக்கை மூன்று தடவை தவறியது. கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பினால் பொய். அந்தப் பக்கம் திரும்பினால் வெள்ளை ஃபிராக். ஒரு சொல்லுக்கு இடம் பண்ண ஒரு தெருவையே எடுத்திருக்கிறோம், அதுவும் அந்தத் தெருவை என்று நினைக்க நினைக்க உடம்பு கொதித்தது. விடிந்ததும் டிரேவர் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது கிராஸையும் சேர்க்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு டிரேவர் பல் துலக்கிக்கொண்டே பதில் சொன்னார். "நோட்டீசத்தான் அப்ளிகேஷன்ல பின் பண்ணிக் கொடுத்தேன் டீச்சர். அஞ்சு ஸ்டாப்புக்கு பர்மிஷன் ஆயிடுச்சு. எட்டரைக்குள்ள முடியணும். டிராக்டர் டிரைவர் வேற ஒசூர்க்காரன், அவன் கையிலயும் அதே நோட்டீஸ்தான்."

"தப்பு என்னோடது. நான்தான் வரிய எடுத்தேன்."

"பரவால்ல விடுங்க. தேர் அந்த வழியாத்தானே போவுது? முனையில நின்னு பாத்துக்கட்டும்."

"நிக்காம போனா பத்து செகண்டு டிரேவர்."

"ரீல்ஸ் எடுக்க அது போதுமே." கொப்பளித்துத் துப்பிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "ஸ்டேஷன்ல மாத்திக் கொடுத்தா எனக்கு ஒண்ணும் அப்ஜெக்ஷன் இல்ல. போய்க் கேளுங்க."

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பொறுமையாகக் கேட்டார். "இன்ஸ்பெக்டர் சாஹேப்ரு பந்தோபஸ்த்துக்குப் போய்ட்டாரம்மா. அவர் சைன் இல்லாம ஆகல்லா. சோமவார பன்னி" என்றார். ஞாயிறே தேர் போய்விடும், திங்கட்கிழமை வரச் சொன்னால் என்ன செய்வது? இருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை டீனாவுக்குச் செய்தி எழுதினாள். நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தாள். கடைசியில், 'போலீஸ் இல்லை டீனா. இடம் போதாததால் உங்கள் கிராஸை எடுத்தது நான்தான். பொய் சொன்னதற்கும் மன்னிப்பு கேட்கிறேன்' என்று அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது. அது மன்னிப்பா, அலட்சியமா, மீட்டிங்கில் இருக்கிறேன் என்பதா, ஹெலனுக்குத் தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

அன்று மாலை பூத்தட்டுகளுக்குப் பெயர் ஒட்டினாள். இந்த வருடப் பன்னிரண்டு பேர்: அதிதி என்ற சிறுமியில் தொடங்கி வரிசையாக. முடிந்த பிறகும் பேனாவை மூடவில்லை. இன்னொரு காகிதத்தில் டீனா என்று எழுதினாள். மிச்சமிருந்த ஒரு தட்டில் ஒட்டி, ரோஜா இதழ்களை நிரப்பி, பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிறு மாலை ஆறரைக்குத் தேர் கிளம்பியது. உண்மையிலேயே கண்ணைக் கவர்ந்தது. நீலமும் சிவப்பும் தங்கமுமாக விளக்குகள் ஓடி ஓடி அணைந்தன. பதினெட்டடி உயரத்தின் நடுவே மாதா சின்னதாக நின்றாள். முன்னால் பூத்தூவும் பிள்ளைகள். அவர்களுக்கும் முன்னால் கையில் மைக்கோடும் தோளில் துணிப்பையோடும் ஹெலன். பக்கத்தில் பெண்கள் குழுவிலிருந்து மரியா. ஹெலன் செபமாலை மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, ஜனம் பின் பாதியைச் சொல்லிக்கொண்டு வந்தது.

மெயின் ரோட்டில் திரும்பியதும் மூன்றாவது கிராஸ் முனை தெரிந்தது. தேர் நிற்காது என்று தெரிந்தும் நாலைந்து வீட்டார் ஸ்டூல் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். லூர்துமேரியைப் பார்த்துக்கொள்ள வரும் ஸ்னேஹா அங்கே செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். ஹெலன் மைக்கைத் தாழ்த்தினாள்.

"அம்மா எங்கடி? டீனா எங்க?"

"சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குன்னு அக்கா ஆபீஸ் போனாங்க ஆன்டி. இப்ப ஃப்ளைஓவர்ல ஏதோ வண்டி கவுந்து, கேப் அங்கயே நின்னுட்டுருக்கு. பத்து தடவ போன் பண்ணிட்டாங்க. அம்மா மேல தனியா இருக்காங்க. அவங்களுக்குக் காட்டத்தான் வீடியோ எடுக்கறேன்."

டிராக்டர் வந்துகொண்டிருந்தது. ஹெலனின் விரல் செபமாலையில் மூன்றாம் பத்தின் ஏழாவது மணியில் இருந்தது. தேர் எங்கே நிற்க வேண்டும் என்பது டிரைவர் கையிலும் கூட வரும் கான்ஸ்டபிள் கையிலும் இருந்தது. ஆனால் அவள் கையிலும் ஒன்று இருந்தது. பவனி முடிந்து கெபிக்குத் திரும்பியதும் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்கும் நீண்ட மாதா பிரார்த்தனை சொல்வது வழக்கம். அது தொடங்கிவிட்டால் யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும் முழங்காலில் நின்றுவிடுவார்கள். முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

ஹெலன் மைக்கை உயர்த்திப் பிரார்த்தனையைத் தொடங்கினாள்.

"டீச்சர், இந்தப் பத்தே முடியல, இன்னும் மூணு மணி இருக்கு!" என்று மரியா அவள் கையைத் தொட்டாள். அதற்குள் பூத்தட்டுப் பிள்ளைகள் தட்டைத் தரையில் வைத்து முழங்காலில் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்த பெண்கள். பெண்களைப் பார்த்து ஆண்கள். டிராக்டர் பெருமூச்சு விட்டு நின்றது. "ஏனம்மா இது?" என்று வந்த கான்ஸ்டபிள், ரோடு முழுக்க முழங்காலில் நிற்கும் ஜனத்தைப் பார்த்து எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். கூட்டத்தின் கடைசியிலிருந்து "டீச்சர்! டீச்சர்!" என்று ஓடி வந்த டிரேவர், தான் ஒருவர் மட்டுமே நின்றுகொண்டிருப்பதைப் பாதி வழியில் உணர்ந்து, அவரும் முழங்கால் போட்டார்.

ஹெலன் மைக்கை மரியாவின் கையில் திணித்தாள். "வேகமா சொல்லாத. ஒரு வரி கூட விடாத."

எல்லோருடைய கண்ணும் தேர்மேல் இருந்தது. சந்துக்குள் போன ஒரு ஆளை யாரும் பார்க்கவில்லை.

முப்பத்து நான்கு படிகள். முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணியது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. லூர்துமேரி கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஜன்னலில் தெரிந்தது எதிர்வீட்டுச் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான். சுவர்மேல் நீலம், சிவப்பு, தங்கம் என்று வெளிச்சம் மட்டும் மாறி மாறி விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணிய உதடு பிரார்த்தனைக்குப் பதில் சொல்ல முயன்று அசைந்தது.

"லூர்து, நான் ஹெலன்."

தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள்; கட்டில்தான் கிறீச்சிட்டது. கீழே பிரார்த்தனை போய்க்கொண்டிருந்தது. ஹெலன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாஷ்பேசின் மேல் ஆணியில் தகரச் சட்டம் போட்ட சின்னக் கண்ணாடி. லூர்துமேரியின் புருஷன் சாமுவேல் சவரம் செய்துகொண்டது. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தை மூடியபோது குவார்ட்டர்சிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அதைக் கழற்றி, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை முழுக்க நீட்டி, கிராஸ் முனைப் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"தெரியுதா? தெரிஞ்சா கட்டில தட்டு."

தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். "இப்ப?" இல்லை. கம்பி தோளில் அழுந்தியது. கொஞ்சம் கீழே, கொஞ்சம் உள்ளே. லூர்துமேரியின் இடது கை எழுந்து கட்டிலைத் தட்டியது. ஒரு தடவை இல்லை, நிற்காமல் தட்டியது.

ஹெலன் கையை அசைக்காமல் நின்றாள். தேரைப் பார்க்க அவளுக்கு வழியில்லை. முதுகு அந்தப் பக்கம் இருந்தது. லூர்துமேரியின் முகத்தைத்தான் பார்த்தாள். பதினெட்டடித் தேர் உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் வந்துவிட்டது போலும். கீழே மரியா ஒவ்வொரு பட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொன், தந்தம், கோபுரம், நட்சத்திரம். ஒரு தச்சனின் மனைவிக்கு, மாட்டுக்கொட்டிலில் பிள்ளை பெற்றவளுக்கு, இவ்வளவும். அவளுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று ஹெலனுக்குத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை கேட்டதற்குப் பதில் இப்போதும் கையில் இல்லை. ஒரு வாரமாகக் காலண்டரைத் தட்டிய விரல் இப்போது கட்டிலைத் தட்டுகிறது. அது ஒன்றுதான் தெரிந்தது. தோள் விண்விண்ணென்று வலித்தது. பிரார்த்தனை நீளட்டும் என்றும் சீக்கிரம் முடியட்டும் என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டாள்.

தட்டுவது நின்றது. லூர்துமேரி கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் ஈரம் இறங்கியது. உதடு மட்டும் இன்னும் வேண்டிக்கொண்டிருந்தது.

ஹெலன் கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். துணிப்பையிலிருந்து பூத்தட்டை எடுத்து, கவரைப் பிரித்து, ஜன்னல் திட்டில் வைத்தாள். பன்னீர் ரோஜா இதழ்கள் வழியில் சற்று நசுங்கியிருந்தன. விரலால் உதறி உயர்த்திவிட்டாள். பெயரெழுதிய விளிம்பு, வாசலிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்குத் தெரியும்படி தட்டைத் திருப்பிவைத்தாள். லூர்துமேரி கண்ணைத் திறக்கவில்லை. போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டு ஹெலன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அவள் முனைக்கு வந்துசேர்ந்தபோது கடைசி வரி நடந்துகொண்டிருந்தது. மரியா மைக்கை நீட்டினாள். ஜனம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டது. டிரேவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க போனீங்க டீச்சர்? இன்னா இப்படிப் பண்ணிட்டீங்க? டைம் பாருங்க."

"இங்கதான் இருந்தேன்" என்றாள் ஹெலன்.

டிராக்டர் உறுமி நகர்ந்தது. பூத்தூவும் பிள்ளைகள் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஹெலன் செபமாலையைத் தடவி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, எட்டாவது மணியைப் பிடித்தாள்.